பேரனுக்குக் கேமிங் கம்ப்யூட்டர்

பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை முடிந்த வீடுகளில் இப்போதெல்லாம் ஒரு கோரிக்கை தவறாமல் வருகிறது. நாம் சைக்கிள் கேட்டோம், நம் பிள்ளைகள் பைக் கேட்டார்கள், பேரன் "தாத்தா, கேமிங் பிசி" என்கிறான். (பேத்தி கேட்டாலும் நான் சொல்லப்போவது இதேதான்.) பணம் பெரும்பாலும் நம் பென்ஷனிலிருந்து போவதால், கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

முதலில், "படிப்புக்காக வாங்குகிறோம்" என்ற பேச்சை விட்டுவிடலாம். படிப்புக்குச் சாதாரணக் கம்ப்யூட்டர் போதும். அவன் கேட்பது விளையாட. அதில் தப்பில்லை. எந்த விளையாட்டு என்று அவனிடமே கேளுங்கள். வேலரன்ட், மைன்கிராஃப்ட் என்றால் செலவு குறைவு. சைபர்பங்க் 2077 என்றால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வேண்டும், விலை எகிறிவிடும்.

லேப்டாப் வேண்டாம் என்பது என் கட்சி. அதில் கிராபிக்ஸ் சிப்பைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு மாற்ற முடியாது. மேஜைக் கம்ப்யூட்டரில் எந்த பாகம் போனாலும் அதை மட்டும் மாற்றலாம். ஹாலிலேயே இருக்கும், ராத்திரி போர்வைக்குள் போகாது. இதுவும் முக்கியம்!

"ஐ7, 16 ஜிபி, பதினைந்தாயிரம்தான்" என்று விளம்பரம் வந்தால் உஷார். ஐ7 என்ற பெயர் 2008 முதல் இருக்கிறது. அந்த விலைக்குத் தருவது அநேகமாக 2012 வாக்கில் வந்த மூன்றாம் தலைமுறைச் சரக்காக இருக்கும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளதை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். கடைக்காரர் மழுப்பினால் நடையைக் கட்டுங்கள்.

ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்வதென்றால், கை இறுக்கமாக உள்ளவர்களுக்கு ரைசன் 5 5600ஜி மாதிரியான பிராசஸர் தோது. கிராபிக்ஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. கடைசியில் வரும் அந்த 'ஜி' பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 5600 என்றால் தனிக் கார்டு போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. ராம் 16 ஜிபி என்றால் ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு போடச் சொல்லுங்கள். உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு குச்சி என்றால் வேகம் நன்றாகவே கூடும்.

பையன்கள் ஏமாறுவது கலர் கலராக விளக்கெரியும் கேபினட்டில். கடைக்காரர் அதைக் கொடுத்துவிட்டு, கணக்கைச் சரிக்கட்ட மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸை உள்ளே போடுவதும் உண்டு. அது புகைந்தால் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். விளக்கைக் குறைத்து நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் கேளுங்கள், 550 வாட்டாவது இருக்கட்டும். பின்னால் நடுத்தரக் கார்டு ஒன்று போட்டாலும் தாங்கும்.

அந்தக் கார்டை உடனே வாங்க வேண்டியதில்லை. அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம், பாதிப் பணம் அவன் சேர்க்கட்டும்.