பிழை மாணவருடையதா, கருவியுடையதா?

பல பிரெயில் குறிப்பேட்டுக் கருவிகளின் அமைப்புப் பட்டியலில் கருவிச் சோதனைக்கும் பேட்டரிக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கும். பெயரும் இருக்கும் இடமும் கருவிக்குக் கருவி மாறும். பல பள்ளிகளில் இவை பழுது பார்ப்பவருக்கு உரியவை என்று ஒதுக்கப்படுகின்றன. உண்மையில் இவை முதலில் தேவைப்படுவது சிறப்பாசிரியருக்கும் மாணவருக்கும்தான். கணினித் திரையில் கோடு விழுந்தால் அது திரையின் கோளாறு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். பிரெயில் வரியில் ஒரு புள்ளி எழும்பாமல் போனால் அப்படித் தெரிவதில்லை. அந்த இடத்தில் வேறொரு எழுத்து வந்து நிற்கும், விரல் அதைச் சரியாகவே படிக்கும், கேட்பவருக்கோ மாணவர் தவறாகப் படித்ததாகத் தோன்றும்.

இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் 'ப' எழுத்துக்கு 1, 2, 3, 4 ஆகிய புள்ளிகள். 'ம' எழுத்துக்கு 1, 3, 4. வரியில் ஓர் எழுத்து நிற்கும் கட்டம் ஒன்றில் இரண்டாம் புள்ளி செயலிழந்தால் அங்கே வரும் 'ப' எல்லாம் 'ம' ஆகிவிடும். 'படம்' என்பதை மாணவர் 'மடம்' என்று படிப்பார். அதே கட்டத்தில் 'ல' வந்தால் 'க' ஆகும். புள்ளி இறங்காமல் மேலேயே சிக்கிக்கொண்டால் நேர்மாறாக 'ம' எல்லாம் 'ப' ஆகும். தவறு எப்போதும் வராமல், வரியின் குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட எழுத்து விழும்போது மட்டும் வருவதால், ஆசிரியர் அதைக் கவனக்குறைவு என்று எண்ண இடமிருக்கிறது. படிக்கத் தொடங்கி ஓரிரு ஆண்டே ஆன குழந்தைக்கு இந்தப் பழி பெரும் அநீதி. எழுத்துப் பிழைகளை மதிப்பெண் ஏட்டில் குறிப்பதற்கு முன் புள்ளிச் சோதனையை ஓட்டிப் பார்ப்பது ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாக வேண்டும்.

பெரும்பாலான கருவிகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் மெல்லிய பீசோ மின்பீங்கான் பட்டை ஒன்று உண்டு. ஏறத்தாழ 200 வோல்ட் அழுத்தம் கொடுத்தால் அது சற்றே வளைந்து ஊசியை மேலே தள்ளும். ஒரு கட்டத்துக்கு எட்டுப் புள்ளிகள் என்பதால், 32 கட்டம் கொண்ட கருவியில் 256 ஊசிகள் இப்படி இயங்குகின்றன. விரல் எண்ணெயும் தூசியும் ஊசித் துளையில் படிந்தால் ஊசி பாதி எழும், அல்லது இறங்கத் தயங்கும். கை கழுவிவிட்டுப் படிப்பதும், பயன்படுத்தாதபோது உறையை மூடி வைப்பதும் இதைப் பெருமளவு தடுக்கும். சிக்கிய ஊசியை வேறோர் ஊசியால் நெம்பவே கூடாது; அதோடு பீங்கான் பட்டையும் உடையக்கூடும்.

புள்ளிச் சோதனை மூன்று நிலைகளில் நடத்தப்பட வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் எழுப்பி, வரி முழுவதும் விரலை மெதுவாக ஓட்டினால் எழாத புள்ளி பள்ளமாகத் தட்டுப்படும். எல்லாவற்றையும் இறக்கி மீண்டும் ஓட்டினால் சிக்கியவை தெரியும். மூன்றாவதாக 1 முதல் 8 வரை ஒவ்வொரு எண் புள்ளியையும் தனியாக எழுப்ப வேண்டும். மூன்றாம் நிலைதான் பலரும் விட்டுவிடுவது. பக்கத்துப் புள்ளிகள் உயர்ந்து நிற்கும்போது, வலுவிழந்து அரைகுறையாக எழும் புள்ளி விரலுக்குத் தப்பிவிடும்; தனியாக எழும்போது தப்பாது. சோதனைப் பட்டியல் இல்லாத கருவியில், எட்டுப் புள்ளியும் நிறைந்த குறியை வரி நீளத்துக்கு எழுதி வைத்த கோப்பும் வெற்று வரியும் முதல் இரண்டு நிலைகளின் வேலையைச் செய்யும். தமிழ் பிரெயில் ஆறு புள்ளிக்குள் அடங்குவதால் 7, 8ஆம் புள்ளிகள் பழுதானாலும் வாசிப்பில் தெரியாது. பல கருவிகளில் சுட்டி நிற்கும் இடத்தைக் காட்டுபவை அந்த இரண்டும்தான். திருத்தும்போது மாணவர் அடிக்கடி இடம் தவறினால் முதலில் அவற்றைச் சோதிக்க வேண்டும்.

விசைப்பலகைச் சோதனையில், அழுத்தும் விசையின் பெயரைக் கருவி அப்படியே திருப்பிச் சொல்லும். எல்லாப் புள்ளி விசைகளையும் இடைவெளி விசையையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தபின், ஆறு புள்ளி விசைகளையும் சேர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். தனியாகப் பதிகிற விசை, கூட்டாக அழுத்தும்போது பதியாமல் போவதுண்டு. இரண்டாம் விசை அவ்வாறானால் மாணவர் 'ப' எழுதக் கருவி 'ம' பதியும். படிப்பில் நேர்ந்த அதே குழப்பம் எழுத்திலும் நேரும்.

பேட்டரி பற்றிய பழைய பழக்கங்கள் சில இன்னும் தொடர்கின்றன. டீன் பிளேசி 1987இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'பிரெயில் அண்ட் ஸ்பீக்' கருவியில் கோப்புகள் பேட்டரியின் துணையோடு நிற்கும் நினைவகத்தில் இருந்தன. மின்சாரம் முற்றிலும் வடிந்தால் எழுதியவை போய்விடும். அக்காலத்து நிக்கல்-காட்மியம் பேட்டரிகளை அவ்வப்போது முழுதாக வடிய விடும் வழக்கமும் இருந்தது. இன்றைய கருவிகளில் கோப்புகள் பிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் பேட்டரி இறந்தாலும் சேமித்தவை அழிவதில்லை. லித்தியம்-அயான் பேட்டரிக்கோ முழுதாக வடிவதே கேடு. நாள்தோறும் முழுக்கத் தீரவிட்டுச் சார்ஜ் போடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

கருவி காட்டும் விழுக்காடு ஒரு கணிப்பே. உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியேறியதையும் கணக்கு வைத்தும், மின்னழுத்தத்தைப் பார்த்தும் கருவி அதைச் சொல்கிறது. லித்தியம்-அயான் பேட்டரியின் அழுத்தம் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், பிறகு 3.7 வோல்ட்டை ஒட்டி நெடுநேரம் நின்று, கடைசியில் மளமளவென்று சரியும். வயதான பேட்டரியில் உள்தடை கூடிவிடும். வைஃபையும் பேச்சொலியும் ஒருசேர மின்சாரம் இழுக்கும்போது அழுத்தம் திடீரெனத் தாழ்ந்து, 30 விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கருவி அணைந்துபோகும். சார்ஜ் போட மறந்ததாக மாணவர் திட்டு வாங்கும் சந்தர்ப்பங்களில் இதுவும் அடங்கும். காட்டும் எண்ணுக்கும் உண்மைக்கும் இடைவெளி கூடினால், எப்போதாவது ஒருமுறை மட்டும் முழுதாக இறக்கி முழுதாக ஏற்றினால் கணிப்பு ஓரளவு திருந்தும். பேட்டரியின் ஆயுள் அதனால் கூடாது.

உண்மை நிலையை அறிய நம்பகமான வழி ஓட்டச் சோதனை. முழுச் சார்ஜ் ஏற்றி, வகுப்பில் வழக்கமாக வைக்கும் அமைப்பிலேயே படித்தும் எழுதியும், அரை மணிக்கு ஒருமுறை நேரத்தையும் விழுக்காட்டையும் ஒரு கோப்பில் குறிக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை செய்து பழைய குறிப்போடு ஒப்பிட்டால் தேய்மானம் தெளிவாகத் தெரியும். புதிதில் ஓடிய நேரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கீழே போனால் மாற்றுப் பேட்டரிக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கலாம். ஆர்பிட் ரீடர் 20 போன்ற சிலவற்றில் பேட்டரியைப் பயனரே மாற்றலாம். மற்றவற்றை அனுப்பித்தான் மாற்ற வேண்டும் என்பதால் காலத்தோடு முடிவெடுப்பது நல்லது. கருவியின் அடிப்பாகம் புடைத்து, மேசையில் வைத்தால் ஆடினால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்த வேண்டும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பிரெயில் வரியை அணைத்து வைப்பது பயனற்ற சிக்கனம். பீசோ பட்டை புள்ளி மாறும்போதுதான் பெரிதும் மின்சாரம் எடுக்கும்; எழுந்தபடி நிற்க மிகக் குறைவே போதும். உண்மையில் தின்பவை வைஃபை, புளூடூத், இருப்பிடம் அறியும் வசதி, உரத்த பேச்சொலி ஆகியவை. 2016இல் வந்த பிரெயில்நோட் டச் போன்ற ஆண்டிராய்டு கருவிகளில் திரையும் சேர்ந்துகொள்கிறது. பார்வையுள்ளவர் உடன் இல்லாத நேரத்தில் திரை வெளிச்சத்தால் யாருக்கும் பயனில்லை. பேட்டரி குறைவு எச்சரிக்கை எந்த வழியில் வருகிறது என்பதையும் பார்த்து வைக்க வேண்டும். பேச்சை அணைத்துப் படிப்பவருக்கும், செவித்திறனும் குறைந்தவருக்கும் அது பிரெயில் வரியிலோ அதிர்வாகவோ வந்தால்தான் எச்சரிக்கை.

தேர்வு நேரத்தில் இவையெல்லாம் ஒன்றுகூடும். மத்திய அரசின் வழிகாட்டு நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரமாகும். கருவி ஐந்து மணி நேரமாவது தாங்குகிறது என்று ஓட்டச் சோதனை காட்டியிருக்க வேண்டும். தானாக உறங்கும் நேரத்தை நீட்டி வைப்பதும் தேவை. யோசிக்கும் இடைவெளியில் கருவி உறங்கி எழுந்தால் எண்ண ஓட்டம் அறுபடும்.

கோடை விடுமுறையில் கருவியை முழுச் சார்ஜோடு இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பது பேட்டரியை விரைவில் கெடுக்கும். ஏறத்தாழப் பாதிச் சார்ஜில், முற்றிலும் அணைத்து, வெயில் படாத அறையில் வைத்து, மாதம் ஒருமுறை அளவைப் பார்த்தால் போதும்.

கோளாறு தெரிந்தவுடன் ஆலை நிலைக்கு மீட்டமைக்கும் அவசரம் பலருக்கு உண்டு. அது கடைசி வழி. மாணவரின் கோப்புகளை அழித்துவிடக்கூடியது. சாதாரண மறுதொடக்கமே பல சிக்கல்களைத் தீர்க்கும். அதற்கும் அடங்காவிட்டால் கோப்புகளை நினைவக அட்டைக்கோ யுஎஸ்பி குச்சிக்கோ படியெடுத்த பிறகே மீட்டமைக்க வேண்டும். பழுது பார்க்க அனுப்பும்போது வரிசை எண், மென்பொருள் பதிப்பு, ஓட்டச் சோதனைக் குறிப்பு ஆகியவற்றோடு, 'புள்ளி வரவில்லை' என்று பொதுவாக எழுதாமல், 'இடமிருந்து 14ஆம் கட்டம், 2ஆம் புள்ளி, தனியாக எழுப்பினால் பாதி எழுகிறது' என்பதுபோல் எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் குறிப்பை மாணவரே எழுதலாம்; அந்த வரியை நாள்தோறும் தொட்டுப் படிப்பவர் அவர்தான்.