சனிக்கிழமைக் கூலி

புது வீடு கட்டுவது எளிது. பழைய வீட்டில் கை வைப்பதுதான் கஷ்டம். நமது வீட்டு மாடி பழைய மதராஸ் தளம். தேக்கு உத்தரங்களின் மேல் சன்னச் செங்கல்லைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, மரக்கட்டையால் நாட்கணக்கில் தட்டி இறுக்கிய தளம். அதில் எங்கே கொத்தலாம், எங்கே கொத்தக் கூடாது என்பது கொத்தனாரின் கைக்குத்தான் தெரியும்.

சென்ற ஐப்பசி மழையில் தளம் ஒழுகிற்று. பத்துப் பேரை வைத்துக்கொண்டு பழைய வீடுகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தோம். பாதியில் அவருடைய மூத்த கொத்தனார் நின்றுவிட்டார். அவருக்குப் பதிலாக வந்த பிள்ளையாண்டான் சம்மட்டியால் ஓங்கி இரண்டு அடி அடித்தான். ஒழுகாத இடமும் ஒழுகத் தொடங்கியது.

"ஏன் மேஸ்திரி, இத்தனை வருஷம் இருந்தவரை விட்டுவிட்டீரே?" என்றோம்.

"நான் எங்கே விட்டேன், வாத்தியாரையா? மூன்று சனிக்கிழமை கூலி தள்ளிப் போயிற்று. பெரிய கம்பெனியில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். போன வீட்டுக்காரர் பாக்கி வைத்துவிட்டார். தாங்களும் இரண்டாம் தவணையை..." என்று இழுத்தார்.

நமக்குச் சுருக்கென்றது. பணம் பாங்கியில் தயாராக இருந்தது. 'இன்னும் கொஞ்சம் வேலை நடக்கட்டுமே' என்ற ஜாக்கிரதையால் கொடுக்காமல் இருந்தோம். நம் ஜாக்கிரதை கொத்தனார் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது!

ஆளை நிறுத்தி வைக்க மேஸ்திரிகள் அறிந்த பழைய உபாயம் முன்பணம். கடனுக்கு ஈடாக ஒருவனை வேலையில் பிணைப்பதை 1976-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கிவிட்டது. சட்டம் ஒரு புறம் இருக்கட்டும். பிணைத்த கை மனம் ஒன்றி வேலை செய்யுமா?

அமெரிக்காவில் ஹென்றி போர்டின் மோட்டார் தொழிற்சாலையில் 1913-ல் ஏறக்குறைய 14,000 பேரை வைத்திருக்க, ஒரே வருஷத்தில் 50,000-க்கு மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. வருவதும் போவதுமாகவே இருந்தார்கள். 1914 ஜனவரியில் அவர் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்து, நாள் வரும்படியை ஏறக்குறைய இரட்டித்து 5 டாலர் ஆக்கினார். ஆட்கள் விலகுவது வெகுவாகக் குறைந்தது.

நம் மேஸ்திரி போர்டு அல்ல. கூலியை இரட்டிக்க அவரால் ஆகாது. ஆனால் ஆகக்கூடியவை சில உண்டு. ஒப்பந்தம் பேசும்போதே கூலியைச் சாமான் செலவிலிருந்து பிரித்து, வாராவாரம் வீட்டுக்காரரிடம் வாங்கலாம். அடைமழை மாதத்துக்கென்று உட்சுவர்ப் பூச்சையும் கதவு வேலையையும் ஒதுக்கி வைக்கலாம். 1994-ல் ஏற்பட்ட கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் ஆட்களைப் பதிவு செய்யத் துணை நிற்கலாம். வீட்டுக்காரர் முன்னிலையில் வையாமல் இருக்கலாம்; இதற்குக் காலணா செலவில்லை.

இன்னொன்று உண்டு. சித்தாளாக வந்த பையன் சில வருஷத்தில் கரணை பிடிக்கிறான். சாந்துச் சட்டி சுமக்கும் பெண்ணோ இருபது வருஷமானாலும் பெரும்பாலும் சட்டியைத்தான் சுமக்கிறாள். அவளுக்கும் கரணையைக் கொடுத்துப் பார்க்கட்டும். முன்னேற வழி தெரிகிற இடத்தை விட்டு யார் போவார்கள்?

ஆனால் மேஸ்திரிக்குப் புத்தி சொல்லுமுன் வீட்டுக்காரர்களாகிய நாம் சொன்ன நாளில் பணம் கொடுக்கக் கற்க வேண்டும். அவர் நாணயம் நம் நாணயத்தைப் பொறுத்தது.

அன்றே தவணையைக் கொடுத்தோம். மறு சனிக்கிழமை மாலை நம் வாசலிலேயே கூலிப் பட்டுவாடா நடந்தது. மூத்த கொத்தனார் வேலைக்குத் திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து, பிள்ளையாண்டானைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எங்கே தட்ட வேண்டும், எவ்வளவு மெதுவாகத் தட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். கூலி கேட்கவில்லை. நாம் கொடுத்தோம், அவர் கை கழுவி முடிப்பதற்குள் கொடுத்தோம்.