வாசல் யாருடையது?

"நம்மை ஒதுக்கிய கோயிலுக்குள் நாம் ஏன் போக வேண்டும்?" ஆலய நுழைவு பற்றிப் பேசினாலே மாணவத் தோழர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். 1930இல் நாசிக் காலாராம் கோயில் வாசலில் அறப்போர் தொடங்கிய அம்பேத்கரே, 1935இல் 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்று அறிவித்தார்.

ஆனாலும் மதுரையின் அனுபவத்தைத் தள்ளிவிட முடியாது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யரோடு கக்கன், முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம் ஆகிய ஐந்து தலித்துகள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. முதலில் கால்கள் உள்ளே போயின, சட்டம் பிறகுதான் வந்தது. இன்றும் 'அய்யர் அழைத்துப் போனார்' என்றே சொல்கிறோம். கக்கனை அமைச்சராகத் தெரியும். மற்ற நால்வரை?

அதே மாவட்டத்தில் உத்தப்புரம். அங்கே தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிபட 2008 மே வரை போராட வேண்டியிருந்தது. முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2011 நவம்பரில், போலீஸ் பாதுகாப்போடு. மீனாட்சி கோயில் நுழைவுக்கு 72 ஆண்டுகள் கழித்து!

அந்த மக்களுக்கு அம்மன் மேல் பக்தி உண்டு. நமக்கு இல்லாமல் இருக்கலாம். கும்பிடுவதா வேண்டாமா என்பது நம் முடிவு. வாசலில் நிறுத்துவது அவர்கள் முடிவாக இருக்கக் கூடாது. ஆகவே சாமி நம்பிக்கை இல்லாத தோழர்களும் அந்த மக்களோடு நடக்க வேண்டும். அகிம்சை என்றால் பொறுத்துப்போவது அல்ல. கை ஓங்காமல், பின்வாங்காமல் நடப்பது.