காது அறுந்த பாத்திரம்

சீனத்து வெண்கலச் சடங்குப் பாத்திரங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை தனியார் சேகரிப்பாளர்களைக் காவலர்கள் என்கிறது. அவர்கள் வாங்கியிராவிட்டால் எல்லாம் அழிந்திருக்கும் என்கிறது. எங்கே கிடைத்தது என்று கேட்பது வறட்டுப் பிடிவாதம் என்கிறது. இவ்வளவு பொறுப்பில்லாத எழுத்தைப் பதில் சொல்லாமல் விடக்கூடாது.

அழித்தது யார் என்று ஆன்யாங்கில் பார்க்கலாம். 1939இல் அங்கே வூகுவான் கிராமத்தார் டிங் என்னும் மாபெரும் சடங்குப் பாத்திரம் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். எடை 832 கிலோ. துண்டு போட்டுத் தந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றவர் பழம்பொருள் வியாபாரி. அறுத்துப் பார்த்து முடியாமல் மறுபடி புதைத்தார்கள். 1946இல் வெளியே எடுத்தபோது ஒரு காதைக் காணோம். இன்று பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்தில் அது மாற்றுக் காதோடு நிற்கிறது. வாங்க ஆள் இருந்ததால்தான் அதன்மேல் ரம்பம் விழுந்தது.

கட்டுரையாளர் பெருமையாக எடுத்துக்காட்டும் ஜின் கோமகன் சூவின் மணிகளுக்கு வருவோம். 1992இல் ஷான்சியில் கல்லறை ஒன்றைக் கொள்ளையர் உடைத்தார்கள். அங்கிருந்து ஹாங்காங் கடைகளுக்குப் போன 14 மணிகளை ஷாங்காய் அருங்காட்சியகத்துக்காக மா செங்யுவான் மீட்டார். மீட்டது பொது அருங்காட்சியகம், தனியார் அல்ல. அதுகூட இருக்கட்டும். அவை எந்தக் கல்லறையின் மணிகள் என்று எப்படித் தெரிந்தது? கொள்ளை போன குழியைத் தொல்லியலாளர்கள் முறையாகத் தோண்டியபோது, திருடர் விட்டுப்போன இரண்டு சிறு மணிகள் கிடைத்தன. அரசனோடு போருக்குப் போனதையும் பெற்ற பரிசுகளையும் சொல்லும் வாசகம், 355 எழுத்துகள், 16 மணிகளிலும் தொடர்ச்சியாக ஓடுகிறது. சந்ததியார் இம்மணிகளைப் போற்றிக் காக்க வேண்டும் என்ற முடிவு அந்த இரண்டில்தான் இருந்தது. அவற்றையும் திருடர் அள்ளியிருந்தால் எந்தக் கல்லறை என்பதற்கு என்ன சாட்சி?

திருடர் கை படாத இடம் எவ்வளவு தரும் என்பதற்கு ஃபூ ஹாவின் கல்லறை இருக்கிறது. 1976இல் ஜெங் ஜென்ஷியாங் அகழ்ந்தது. நானூறுக்கு மேற்பட்ட வெண்கலப் பொருள்கள், பலவற்றில் அவள் பெயர். குறி கேட்ட எலும்புகளில் படை நடத்தியவளாக வரும், ஷாங் அரசன் வூ டிங்கின் மனைவியும் இந்தக் கல்லறைக்காரியும் ஒருத்தியே என்று அப்போதுதான் பொருந்தியது. இதே பாத்திரங்கள் ஏலத்துக்கு ஒன்றொன்றாக வந்திருந்தால், ஷாங் காலத்து அழகிய பாத்திரங்கள் என்பதற்கு மேல் என்ன தெரிந்திருக்கும்?

சோங் காலச் சேகரிப்பாளர்களையும் கட்டுரையாளர் துணைக்கு அழைத்திருக்கிறார். அவர்களைப் படித்தாரா? 1092இல் லூ டாலின் தொகுத்த ஏடு ஒவ்வொரு பாத்திரத்தையும் வரைந்து, அளவும் எடையும் கொள்ளளவும் குறித்து, தெரிந்த வரையில் கிடைத்த ஊரையும் எழுதியது. இவர் வறட்டுப் பிடிவாதம் என்று தள்ளுவதை அவர்கள் கடமையாகச் செய்தார்கள்.

கட்டுரையோடு வந்த படங்களில் ஒன்றின் கீழும் ஊர்ப்பெயர் இல்லை. 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே சீனாவை விட்டு அவை வெளியேறின என்பதற்கு ஏதாவது ஒரு தாள் இருந்தால், அடுத்த இதழில் அதை அச்சிடட்டும்.