மணல் நடக்கும் கரை

1908-இல் பாரதியார் சென்னையை விட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பியபோது கடற்காற்று வாங்கும் எண்ணம் அவருக்கு இருந்திருக்காது. ‘இந்தியா’ பத்திரிகையின் மேல் ஆங்கில அரசின் கை விழுந்துவிட்டது. பிரெஞ்சு எல்லைக்குள் போய்விட்டால் அந்தக் கை எட்டாது. 1910-இல் அரவிந்தர் வந்தார். அதே ஆண்டு வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பாரதி பத்தாண்டுகள் அங்கே இருந்தார். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் அந்த ஊரில் பிறந்தன. அடைக்கலம் தேடி வந்தவர்கள் நடந்த அதே தெருக்களில் இன்று சனி, ஞாயிறு என்றால் தங்க அறை கிடைப்பதில்லை. பணி ஓய்வுக்குப் பின் அங்கேயே ஒரு வீடு வாங்கிக் குடியேறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்களும் நிறையப் பேர்.

அவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்குப் பழக்கமானவை. ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமா? நடந்து போகும் தூரமா? கூட்டம் இருக்குமா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் கடற்கரை ஊர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவை போதாது. கேட்க வேண்டிய முதல் கேள்வி மணலைப் பற்றியது. இந்தக் கரையின் மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நடுவில் யாராவது அதை மறித்திருக்கிறார்களா? இதற்கு விடை ஒரு பருவத்தைப் பார்த்தால் தெரியாது. நூறாண்டுகளைப் பார்த்தால் தெரியும்.

கடலோரத்தில் இன்பமாகப் பொழுது போக்கலாம் என்ற எண்ணம் அப்படியொன்றும் பழையதல்ல. 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடல்நீரை மருந்தாகச் சொல்லி நூல் எழுதினார். அதன் பிறகுதான் பிரைட்டன் என்ற மீன்பிடி ஊர் செல்வந்தர்களின் சுகவாச ஊராயிற்று. நம் பக்கத்தில் கரையோடு வாழ்ந்தவர்கள் மீனவர்கள். மற்றவர்கள் கடலுக்குப் போனது நீராடவும் நீத்தார் கடன் கழிக்கவும். புதுச்சேரி வைத்திக்குப்பத்தில் மாசி மகத்தன்று மயிலம் முருகன் உட்படச் சுற்றுவட்டாரத் தெய்வங்கள் ஊர்வலமாக வந்து தீர்த்தவாரி காண்பது இன்றும் நடக்கிறது. தெய்வமே ஆனாலும் ஆண்டுக்கொரு முறை வந்து, மூழ்கி, ஊர் திரும்பிவிடும்.

வணிகர்களும் அலைவாயில் குடியேறவில்லை. ரோமாபுரியோடு வணிகம் செய்த அரிக்கமேடு, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், கழிமுகத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது மது ஜாடிகளின் ஓடுகளும் இத்தாலிய மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்தன. அந்த இடத்தைத் தேர்ந்தவர்களுக்குத் திறந்த கரையின் குணம் தெரிந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

1674 முதல் பிரான்சுவா மர்த்தேன் உருவாக்கிய புதுச்சேரிக்கோ திறந்த கரைதான் வாய்த்தது. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிடும். நாரால் பலகைகளைத் தைத்த படகுகள் அலையைக் கடந்து போய்ச் சரக்கையும் ஆட்களையும் இறக்கி வரும். 1736 முதல் 1761 வரை ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைப் படிப்பவர்களுக்குக் கப்பல் வரவு அந்த ஊரின் மூச்சாக இருந்தது புரியும். அந்த 1761-இல்தான் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று மஞ்சள் சுவர் வீடுகள் என்று படமெடுத்துக்கொள்கிறோமே, அந்தத் தெருக்கள் இடிபாட்டின் மேல் திரும்ப எழுந்தவை. பின்னாளில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று கட்டினார்கள். 1952 புயல் அதை உடைத்தது. பிறகு கட்டிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022-இல் சரிந்து விழுந்தது.

ஊர் இத்தனை முறை அடிபட்டும் ஒன்று மட்டும் இருந்துகொண்டே இருந்தது: ஊருக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல் வெளி. புயல் எதையும் அழிக்கும். மணலை மட்டும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து போடும். அந்த மணலைத்தான் நாம் இழந்தோம், புயலால் அல்லாமல் நம் கையால்.

கிழக்குக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் கொஞ்ச மாதங்கள் அது தெற்கே திரும்புகிறது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். ஆண்டு முடிவில் கூட்டிக் கழித்தால் தெண்டியின் கைதான் ஓங்கியிருக்கும். லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே நகர்ந்திருக்கும். ஆக, ஒரு கடற்கரை என்பது வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கும் மணலின் கணக்கு. வரவு நின்றால் செலவு மட்டும் நடக்கும்.

இந்தக் கணக்கைச் சென்னை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டது. 1870-களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தெற்கே குவிந்தது. 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அங்கே உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயரிட்டார். நாம் பெருமையோடு காட்டும் அந்த அகன்ற கரை பெருமளவு துறைமுகம் சேர்த்துத் தந்தது. அதே சுவரின் வடக்கே ராயபுரமும் காசிமேடும் திருவொற்றியூரும் நூறாண்டுக்கு மேல் கரையையும் வீடுகளையும் கடலுக்குக் கொடுத்தன. மெரினாவில் காற்று வாங்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அங்கே விரிந்து கிடக்கும் மணலில் திருவொற்றியூரின் பங்கும் இருக்கிறது.

கண் முன்னால் நூறாண்டுப் பாடம் இருந்தும், 1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் புதுச்சேரிக்குத் துறைமுகம் கட்டினார்கள். அலைத் தடுப்புச் சுவர்கள் இரண்டு கடலுக்குள் போயின. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கரை சில ஆண்டுகளில் கரைந்தது. தெற்கில் சேரும் மணலை எந்திரம் வைத்து வடக்கே தள்ளும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. நடக்கவில்லை. கரை போன இடத்தில் பாறாங்கற்களைக் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் காந்தி சிலைக்கு எதிரே கற்களைத்தான் கடற்கரை என்று நினைத்து வளர்ந்தார்கள்.

2004 சுனாமியின்போது அந்தக் கற்கள் நகரின் நடுப்பகுதிக்கு அரணாக நின்றது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல் அணை மணலை உண்டாக்காது. அரிப்பை அடுத்த ஊருக்குத் தள்ளிவிடும். கல் போட்ட இடத்துக்கு வடக்கே சோலை நகர், அதற்கும் வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார் சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பு ஊர் ஊராக நடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்தன, வீடுகள் போயின. கட்டுமரத்தையும் படகையும் இழுத்து ஏற்ற இடமில்லாமல், வலை காய வைக்கத் திடலில்லாமல் மீனவர்கள் தவித்தார்கள். சுற்றுலாக் கையேடுகளில் அமைதியான கரை என்று பேர் வாங்கிய இடங்கள் இவற்றில் இருக்கின்றன. அந்த அமைதியைத் தேடிப் போகிறவர், படகுகள் ஏன் குறைந்தன என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பிறகு ஒரு முயற்சி பலித்தது. 2018-19-இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவிலான செயற்கைத் திட்டு ஒன்றை மூழ்க வைத்தது. அலையின் வேகம் தணிந்தது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் போட்டார்கள். காணாமல் போன மணல் ஒரு துண்டாகத் திரும்பியது. அன்று நகரத்தார் கால் நனைக்க ஓடி வந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெகிழ்கிறது. வடக்குக் கிராமங்களுக்கு அந்தத் துண்டு எட்டவில்லை. துறைமுகம் ஓர் அரசின் எல்லையில், அரிப்பு இன்னோர் அரசின் எல்லையில்.

வீடு தேடி வருகிறவர்களுக்கு இதனால் சில காரியங்கள் சொல்லத் தோன்றுகிறது. ஜனவரி, பிப்ரவரியில் ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அப்போது எந்தக் கரையும் அழகாகத்தான் இருக்கும். நவம்பரில் வாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த நாட்களில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கீழ்வீட்டுக்காரரைக் கேளுங்கள். கிணற்று நீரை வாயில் விட்டுப் பாருங்கள், உப்பு ஏறியிருக்கிறதா என்று. படகுகள் மணலில் ஏறி நிற்கின்றனவா என்று பாருங்கள். நிற்கிற கரை உயிரோடிருக்கிற கரை.

முதல் வரிசை வீட்டை விட்டுவிடுங்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தபோது ஊரகக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது என்றது. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள ஊர்ப்புறங்களுக்கு அதை 50 மீட்டராகச் சுருக்கியது. சட்டம் விலகிக்கொண்டாலும் கடல் விலகிக்கொள்ளாது. அந்த 200 மீட்டர் மணலுக்கும் வலைக்கும் உரிய இடம். நம் மாடிக்கு உரிய இடமன்று.

இதையெல்லாம் அறிந்த பிறகும் புதுச்சேரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். நல்ல ஊர். மரம் கவிந்த தெருக்களும், தெருவுக்கொரு மொழி கேட்ட வரலாறும், ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரும் வேறெங்கும் கிடைக்காதவை. குடியேறுகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், அலுவலகங்களில் மனுக்கொடுத்துப் பழகியவர்கள். தெற்கே குவியும் மணலைத் துறைமுகத்தைத் தாண்டி வடக்கே சேர்க்கும் வேலை ஒவ்வோர் ஆண்டும் நடக்க வேண்டும், இரண்டு அரசுகளும் அதற்குச் சேர்ந்து உட்கார வேண்டும் என்று கோட்டக்குப்பத்து மீனவர்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுக்கிறார்கள். கடல் தெரியும் வீட்டில் குடியேறுகிறவர் எழுதும் முதல் மனு அதுவாக இருக்கட்டும்.