புகைக்கு மசியாத கொசு

மழை ஓயும் சமயத்தில் தில்லியின் மாலைகளில் ஒரு சத்தம் கேட்கும். இரைகிற இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். காலனியை வெள்ளைப் புகை மூடும். குழந்தைகள் அதன் பின்னால் ஓட, பெரியவர்கள் கதவு ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள். அரசு ஏதோ செய்கிறது என்று எல்லோருக்கும் நிம்மதி.

கொசுவுக்கும் நிம்மதிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் ஒதுங்குவது வீட்டுக்குள், கட்டிலுக்கு அடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும். வெளியே அடிக்கிற புகை அதை என்ன செய்யும்? பறக்கிற கொசுக்களில் சில சாகலாம். தண்ணீரில் நெளியும் புழுக்களுக்கு ஒன்றும் ஆகாது. சில நாட்களில் அடுத்த படை தயார்.

இந்த அலட்சியத்துக்குத் தில்லி கொடுத்த விலை அதிகம். 1996இல் 10,000 பேருக்கு மேல் டெங்கு தாக்கி, 400 பேருக்கு மேல் இறந்தார்கள். 2006இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கின் குடும்பத்தினரும் தப்பவில்லை. 2015இல் மீண்டும் 15,000 பேருக்கு மேல்.

கொசு பிறக்கும் இடம் நம் ஜன்னலில் தொங்குகிறது: கூலர். கோடை முழுக்க அதைக் கொண்டாடிவிட்டு, மழை வந்ததும் மறந்துவிடுகிறோம். ஒரு முறை கொசுப் புழு தேட வந்த ஊழியர் என் கூலரில் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கறுப்பாக நெளிந்தன. அதுவரை பக்கத்துச் சாக்கடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிர் தாங்கி, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். சுவரைத் தேய்த்துக் கழுவிக் காயவிட வேண்டும். முட்டை கொசுவாகச் சுமார் ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு முறை.

வயலிலும் இதே பாடம்தான். இந்தோனேசியாவில் நெற்பயிரைப் புகையான் பூச்சி அழித்தபோது விவசாயிகள் மருந்தை மேலும் மேலும் தெளித்தார்கள். புகையானைத் தின்னும் சிலந்திகள் செத்தன, புகையான் பெருகியது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்து, பூச்சிகளைக் கவனித்துச் செயல்பட விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. விளைச்சல் விழுந்துவிடவில்லை.

2019இல் தில்லி அரசு கேட்டதும் பெரிதல்ல: பத்து வாரங்கள், ஞாயிறு காலை பத்து மணிக்குப் பத்து நிமிடம். இதில் சத்தமில்லை, புகையில்லை, செலவுமில்லை. ஏடிஸ் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பது அபூர்வம். நம்மைக் கடிப்பது நம் தெருவில் வளர்ந்த கொசு. ஒரு வீட்டுக் கூலர் போதும், தெருவே படுத்துவிடும்.