கடல் கடந்து வராத கடிதம்

மன்னார் நகரிலிருந்து மேற்கே சில கிலோமீற்றர் சென்றால் தாழ்வுபாடு என்னும் மீனவக் கிராமம். அண்மையில் அங்குள்ள நண்பர் ஒருவரைக் காணச் சென்றபோது, வாடகைக்கு அமர்த்திய பழைய ஜப்பானியக் காரில் பயணம் செய்தேன். "தம்பி, இதன் எயார் பேக் சரியாக இருக்கிறதா?" என்று சாரதியிடம் கேட்டேன். "ஜப்பான் வாகனம் ஐயா. ஒரு சிவப்பு லைட்டும் எரியேல்லை. பயப்பிடாதேங்கோ" என்றார்.

அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், நான் அஞ்சும் பழுதை அறிவிக்க எந்த விளக்கும் எரியாது.

வாகனம் மோதியதும் காற்றுப்பையை ஊதச் செய்வது, ஓர் உலோகக் குப்பிக்குள் இருக்கும் வேதிப்பொருள். ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் அதற்கு அமோனியம் நைத்திரேற்றைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்கப்படாத குப்பிகளில், ஆண்டுக்கணக்கான வெப்பமும் ஈரப்பதமும் அவ்வேதிப்பொருளைச் சிதைத்துவிடுகின்றன. பின்னர், சிறு மோதலிலும் அது மிதமிஞ்சிய வேகத்தில் எரிந்து, குப்பி வெடித்து, உலோகச் சில்லுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. 2014இல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் இறந்த பெண்ணின் காயங்களைக் கண்ட காவல்துறையினர், முதலில் அதைக் கத்திக்குத்து என்றே சந்தேகித்தனர்.

அமெரிக்காவில் மட்டும் 28 பேர் உயிரிழந்துள்ளனர். குறைந்தது 400 பேர் காயமடைந்துள்ளனர். உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி குப்பிகள் திரும்பப் பெறப்பட வேண்டியவையாயின. சோதனை முடிவுகளைத் திரித்து மறைத்த குற்றத்தை 2017இல் ஒப்புக்கொண்ட அந்நிறுவனம், அதே ஆண்டில் திவாலானது.

இது குளிர்நாட்டார் கவலை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்கா தன் மாநிலங்களைத் தட்பவெப்பத்தின்படி வகைப்படுத்தி, ஃபுளோரிடா போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளுக்கே முன்னுரிமை அளித்தது. 2014இல் மலேசியாவின் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இதற்குப் பலியானார். பிரான்ஸின் மரணங்களில் பெரும்பாலானவை நிகழ்ந்தது அதன் கடல்கடந்த வெப்பமண்டலப் பகுதிகளில். அவற்றுள் சில, நம் முன்னோர் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்ற தீவுகள். அந்த அளவுகோலால் அளந்தால் மன்னார்த்தீவு எந்த வரிசையில் நிற்கும் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

இலங்கையின் சிக்கல் வேறோர் இடத்திலும் இருக்கிறது. இங்கு ஓடும் கார்களில் பல ஜப்பானில் பயன்படுத்தப்பட்டு இறக்குமதியானவை. டொயோட்டா கொரோலா, விட்ஸ், ஹொண்டா ஃபிட் ஆகியவற்றின் குறிப்பிட்ட ஆண்டுத் தயாரிப்புகள் திரும்பப் பெறும் பட்டியல்களில் உள்ளன. ஆனால் நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம், பதிவேட்டில் உள்ள ஜப்பானிய உரிமையாளரின் முகவரிக்கே செல்லும். வாகனம் கடல் கடந்து வந்துவிட்டது, கடிதம் வரவில்லை. நாலு கை மாறித் தாழ்வுபாட்டுக்கு வந்த காரை எந்தக் கடிதம் தேடி வரும்? போதாக்குறைக்கு, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்தாண்டுகளும் பழைய வாகனங்களே நம்மைச் சுமந்தன. குப்பிகளுக்கும் வயது ஏறியது.

தீர்வு எட்டாத உயரத்தில் இல்லை. ஒவ்வொரு வாகனத்தின் சேசிஸ் இலக்கமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இருக்கிறது. அதை உற்பத்தியாளர்களின் பட்டியலோடு ஒப்பிட்டு, இன்றைய உரிமையாளருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கடிதம் அனுப்பலாம். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்குப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்கிறோம். அத்துடன் இதையும் சரிபார்க்கச் செய்தால் என்ன? மாற்றும் செலவை ஏழைச் சாரதியின் தலையில் சுமத்தாமல், உற்பத்தியாளரிடமே பெறுவதற்கு அரசு பேச வேண்டும்.

அதுவரை வாகனம் வைத்திருப்போர், சேசிஸ் இலக்கத்துடன் தம் வாகன நிறுவனத்தின் முகவரை அணுகிக் கேட்பது நல்லது. காற்றுப்பையைத் தெருவோரப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துக் கழற்றச் செய்வது ஆபத்து; அது வெடிக்கக்கூடிய பொருள். காற்றுப்பையே வேண்டாம் என்று வெறுப்பதும் தவறு. பழுதற்ற பைகள் உயிர்களைக் காக்கின்றன.

விடைபெறும்போது அந்தத் தம்பியின் சேசிஸ் இலக்கத்தை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒருவருக்காக நான் விசாரிக்கலாம். ஒரு நாட்டுக்காக விசாரிக்க வேண்டியது அரசு.